முப்பதுக்கு இருபத்தெட்டு

ரம்லா, கெர்க்கென்னா தீவு
14 அக்டோபர் 2018

அன்புள்ள தம்பி லஸ்ஹருக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். லியோனில் குளிர் இறங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கு ஐம்பது வயதானாலும் இதைச் சொல்லாமல் எனக்குக் கடிதம் தொடங்க வராது.

அழைத்தால் எடுப்பதில்லை என்று கோபத்தில் இருப்பாய். வீட்டுத் தொலைபேசியின் கம்பியைப் பிடுங்கி வைத்துவிட்டேன். மணி அடித்தால் உன் அத்தான் ஷெத்லி, ஃபெர்ரி புறப்படுகிறது என்று எழுந்துவிடுகிறார். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. ஆனாலும் முப்பத்தோரு வருடம் அந்தக் கப்பலில் கயிறு கட்டி அவிழ்த்த கை, சத்தம் கேட்டதும் தொப்பியைத் தேடுகிறது. "கயித்த யாருடி பாக்குறது? சனம் ஏறி நிக்குதே!" என்று என்னைத் திட்டுகிறார். ஆகவே கடிதம். ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு இதுதான் வசதியும்கூட. எழுதியதை அனுப்புவதற்கு முன் நானே திருத்திக்கொள்ளலாம்.

அவர் நிலைக்கு ஒரு உதாரணம் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நம் தீவில் கடலுக்கும் வரப்பு உண்டு. முழங்கால் ஆழத்தில் ஈச்ச ஓலை நட்டு மீனை வளைக்கும் வேலி ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சொத்து. இன்னொருவர் வேலியில் கை வைப்பதும் அவர் வீட்டுக்குள் புகுந்து பானையைத் திறப்பதும் ஒன்று. போன செவ்வாய்க்கிழமை உன் அத்தான், பக்கத்து வீட்டு ஹஃப்ஸியாவின் புருஷன் மப்ரூக்கின் வேலியைத் திறந்து, இருந்த மீனையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு பாடிக்கொண்டே வந்துவிட்டார். பின்னாலேயே மப்ரூக் கத்திக்கொண்டு ஓடி வந்தார். "ஷெத்லி! அது எங்கப்பன் வேலிய்யா! கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?"

உன் அத்தான் திரும்பி நின்று சிரித்தார். "வாய்யா மப்ரூக். எங்க வேலியில இன்னிக்கு நல்ல மீன்பாடு. ரெண்டு எடுத்துட்டுப் போ, ஹஃப்ஸியாகிட்ட குடு." மப்ரூக்கின் மீனையே மப்ரூக்கிடம் நீட்டினார்.

மப்ரூக் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு மீனை வாங்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோசம் ஷெத்லி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இன்னும் நான்கு வார்த்தை திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

கேட்க வேண்டியது இதுதான். நீயும் உன் குழுவும் இரண்டு ஏப்ரல் மாதங்கள் வந்து எங்கள் ஊர் முதியவர்களின் நினைவைச் சோதித்தீர்கள். "முடிவு வந்ததும் நாங்களே வந்து சொல்றோம்க்கா, மறதி வந்தவங்களுக்கு இங்கயே ஒரு பகல் நிலையம் வரும்" என்றாய். மருந்தகத்தை ஒட்டிய அறைக்கு ஊரே கூடிச் சுண்ணாம்பு அடித்தது. இப்போது அங்கே உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. முடிவு என்ன ஆயிற்று? நிலையம் எப்போது வரும்? இந்த வியாதியைப் பார்த்துப் பழகிய ஒரு ஆள் எனக்கு வேண்டும், தம்பி. வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்தால்கூடப் போதும்.

உன் அக்கா,
மன்னூபியா


லியோன்
2 நவம்பர் 2018

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். பயணத்தில் இருந்தேன்.

முடிவு ஜூன் மாதமே வெளிவந்துவிட்டது, நல்ல ஆய்விதழில். உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அறுபது வயதைக் கடந்த 212 பேரைச் சோதித்தோம். மறதி நோய் இருந்தது நான்கு பேருக்கு மட்டும். வேறு எந்த ஊரிலும் இத்தனை பேரில் பதினைந்துக்குக் குறையாமல் இருந்திருக்கும். இது பெரிய செய்தி, அக்கா. மூன்று நாடுகளில் இதைப் பற்றிப் பேசிவிட்டேன். மீனா, ஆலிவ் எண்ணெயா, தினமும் கடலில் நடப்பதா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது. சந்தா கட்டியவர்கள்தான் படிக்க முடியும். பதிப்பகத்தோடு செய்த ஒப்பந்தப்படி நான் அதை ஊருக்கு விநியோகிக்க முடியாது. தீவுக்கு வந்து சொல்வது திட்டத்தில் இருந்தது உண்மைதான். அடுத்த ஆய்வு தொடங்கியதில் தள்ளிப் போயிற்று.

பகல் நிலையம் கரையில் வேறோர் ஊருக்குப் போய்விட்டது. நான்கு பேருக்காக ஒரு நிலையமா என்று முடிவு எடுப்பவர்கள் கேட்டார்கள். தேவை அதிகமுள்ள இடத்துக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்று எனக்கும் பட்டது.

அத்தானைப் பற்றி. அவருடைய தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. முப்பதுக்கு இருபத்தெட்டு. பள்ளிக்கூடமே போகாத ஒருவருக்கு இது அபூர்வம். நீ சொல்வது காது மந்தமாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், வேலையில்லாத மனச்சோர்வாகவும் இருக்கலாம். கரைக்கு, ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு அழைத்துப் போய் ரத்தப் பரிசோதனை செய். பன்னிரண்டு வயதில் நான் அங்கே பள்ளிக்குப் போனபோது, குளிர் காலத்தில் ஃபெர்ரியின் என்ஜின் அறைச் சுவரோரம் எனக்கு இடம் பிடித்து வைத்தவர் அவர். நான் அக்கறை இல்லாமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே.

லஸ்ஹர்


ரம்லா
20 நவம்பர் 2018

லஸ்ஹர்,

நான்கு பேரா? எங்கள் தெருவில் மட்டும் ஐந்து பேர் இருக்கிறார்கள். பெயர் சொல்லட்டுமா? சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னை நம்பிச் சொன்னவை.

முப்பத்தெட்டு வருடம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். இந்த ஊர் மாணவர்களின் மதிப்பெண்ணை வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் வாசித்துவிட்டு, இந்த ஊருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாத ஆசிரியரை நான் கண்டதில்லை. மூன்று நாடுகளில் பேசினாயாம். நான்காவதாக எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் பேசியிருக்கலாம். "நாலே பேரு" என்று நீ வாய் திறந்ததும் ஹஃப்ஸியா சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பு உன் கட்டுரையைத் திருத்தியிருக்கும். எங்களைப் பற்றி எழுதியதை எங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதி, எங்களால் திறக்க முடியாத பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாய். அதைப் படித்துவிட்டு எவரோ எங்களுக்கு எதுவும் தேவையில்லை என்று முடிவு செய்கிறார்கள்.

ரத்தம் பரிசோதித்தாயிற்று. தைராய்டு நன்றாக இருக்கிறது. காதும் கேட்கிறது, அடுத்த தெருவில் மணி அடித்தால் அவருக்குக் கேட்கிறது.

இருபத்தெட்டு எப்படி வந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதே.

மன்னூபியா


லியோன்
11 ஜனவரி 2019

அக்கா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் கடுமையாக எழுதியிருப்பேன். அதனால்தான் காத்திருந்தேன்.

நீ என் வேலையை வசைபாடுகிறாய். இதற்கு நான் ஆறு வருடம் கொடுத்திருக்கிறேன். உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டுத் தாளைப் பார்ப்போம். 2016இல் அத்தானுக்கு இருபத்தெட்டு. 2017இலும் இருபத்தெட்டு. இரண்டாவது முறை, கூட இருப்பவர் நிரப்ப வேண்டிய பக்கத்தில் "கடந்த ஒரு வருடத்தில் வீட்டில் ஏதேனும் மாற்றம் கவனித்தீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பது நீ. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

கேட்க வேண்டாம் என்றாய். கேட்கிறேன். இருபத்தெட்டு எப்படி வந்தது?

லஸ்ஹர்


ரம்லா
3 பிப்ரவரி 2019

தம்பி,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீங்கள் முதல் வருடம் வந்த முதல் நாள் ஆறு பேரைக் கூப்பிட்டீர்கள். அதில் ஹஃப்ஸியாவும் ஒருத்தி. வெளியே வந்ததும் நேராக என் வீட்டு முற்றத்துக்கு வந்து உட்கார்ந்து அழுதாள். "டீச்சர், கடிகாரம் வரையச் சொன்னாங்க. சுவத்துல தொங்குனா நேரம் பாத்துச் சொல்லுவேன், வரையின்னா எப்படி? நான் பென்சிலே புடிச்சதில்லயே. கேள்வி கேட்ட பொண்ணு என்னையக் கழுதைன்னு நெனச்சிருக்கும்." ஐந்து பிள்ளை பெற்று, இந்தக் கடலில் ஓதம் ஏறும் இறங்கும் நேரமெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவள். ஒரு வட்டத்துக்கு முன்னால் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உன்னிடம் வந்து, "இது மறதியை அளக்கும் தாள் அல்ல, பள்ளிக்கூடம் போனார்களா என்று அளக்கும் தாள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அன்று மாலையே அந்த ஆறு பேரிடமும் கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டேன். மறுநாள் முதல் மூன்று நாள், மதியத் தொழுகைக்குப் பிறகு, என் முற்றத்தில் வகுப்பு. அறுபது பேருக்குக் குறையாது. கடிகாரம், கிழமை, மாதம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, சொன்னதும் நினைவில் வைத்துத் திரும்பச் சொல்ல வேண்டிய ஐந்து சொற்கள்: ஊசி, மாதுளை, கழுதை, விளக்கு, நீலம். பாட்டாகப் பாடவைத்தேன்.

உன் அத்தானும் வந்து உட்கார்ந்தார். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கட்டுமா என்று நான் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. பெண்டாட்டி ஆசிரியை, புருஷன் கைநாட்டு என்று ஊர் சொல்வதை இரண்டு பேரும் கேட்காதது போலவே நடந்துகொண்டோம். அந்த மூன்று நாளும் அவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். "டீச்சர், இந்த மப்ரூக் என் சிலேட்ட எட்டிப் பாக்குறான் டீச்சர்!" என்று கத்துவார். "போடா, ஒன் கடிகாரம் ஓடவே இல்ல, அதப் பாத்து என்ன பண்ண?" என்பார் மப்ரூக். முற்றம் முழுக்கச் சிரிப்பு. தம்பி, நான் நடத்திய வகுப்புகளிலேயே சந்தோஷமான வகுப்பு அது. உன் வெளிநாட்டு நண்பர்கள் முன்னால் எங்கள் மனிதர்கள் தலை குனியக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். மறதியைக் கண்டுபிடிக்கும் சோதனையில் மறந்துவிடாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அதுவரை அறியாமை. இனிமேல் எழுதுவது வேறு.

இரண்டாம் வருடம் நீங்கள் அதே கேள்விகளோடு வந்தீர்கள். அதே ஐந்து சொற்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் ஒரே வினாத்தாள் கொடுப்பார்கள்? நான் முன்பே யூகித்து, வீட்டிலேயே அவருக்குத் திருப்புதல் தொடங்கியிருந்தேன். முதல் வருடம் மூன்று நாளில் கற்றவருக்கு இந்த முறை நாற்பது நாள் பிடித்தது. ஊசி என்பார், மாதுளை என்பார், பிறகு என் வாயைப் பார்ப்பார். நான் உதட்டைக் குவித்தால் கழுதை வரும். ஒரு நாள் சட்டென்று கோபம் வந்து கூடையைத் தூக்கி எறிந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கும், கற்றது கசிந்து போகும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத ஆசிரியையா நான்?

நாற்பதாம் நாள் ஐந்தையும் சொன்னார். நான் அவர் நெற்றியில் முத்தமிட்டேன். ஏப்ரலில் உன் முன்னால் வந்து உட்கார்ந்து அவர் இருபத்தெட்டு வாங்கினார். நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து "இல்லை" என்று எழுதினேன். ஒரு "ஆம்" எழுதியிருந்தால் ஊர் வாயில் விழுந்திருப்பார். எழுதாததால் இன்று ஊரே இந்த வியாதிக்கு ஒரு வைத்தியருமில்லாமல் கிடக்கிறது. மற்ற வீடுகளிலும் பெண்கள் என்னைப் பார்த்துத்தான் "இல்லை" என்று எழுதினார்கள். டீச்சரே அப்படி எழுதும்போது நாம் எதற்கு என்று.

உன் கட்டுரை பொய் என்றேன். அதை எழுதிக்கொடுத்தது நான்தான்.

இப்போது அவருக்கு என் பெயர் தெரியவில்லை. என்னை "டீச்சர்" என்கிறார். ஐந்து சொற்கள் மட்டும் இருக்கின்றன. சாப்பிட உட்கார்ந்தால் சொல்கிறார், செருப்பு மாட்டினால் சொல்கிறார், என் முகத்தைப் பார்த்துச் சரியா என்று கேட்கிறார். பொழுது சாயும்போது எழுந்து நின்று ஒரு விரலை உயர்த்தி, "டீச்சர், மணி அடிச்சிருச்சு, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்கிறார். இதுதான் வீடு என்றால் அழுகிறார். போகக் கூடாது என்றால் கதவைப் பிடித்து ஆட்டுகிறார். அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலாவது எழுதியிருக்கிறதா? இருந்தால் அனுப்பு. கட்டுரை வேண்டாம். அதை மட்டும் அனுப்பு.

மன்னூபியா


லியோன்
10 மார்ச் 2019

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

ஆறு வயதில் எனக்குக் கடிகாரம் வரையச் சொல்லிக்கொடுத்தது நீ. "மொதல்ல வீட்டுக்காரங்க நாலு பேர நாலு பக்கமும் பெருசா உக்கார வை: பன்னெண்டு, ஆறு, மூணு, ஒம்போது. அப்புறம் விருந்தாளிங்கள நடுவுல சின்னதா உக்கார வை." இன்றைக்கும் நான் அப்படித்தான் வரைகிறேன். முதல் வருடத் தாள்களை இங்கே கொண்டுவந்து விரித்தபோது, பென்சில் பிடித்தறியாத கைகள் வரைந்த அறுபது கடிகாரங்களில் நான்கு எண்கள் பெரிதாக, மற்றவை சிறிதாக இருந்தன. உலகத்தில் வேறு எங்கும் யாரும் அப்படி வரைவதை நான் பார்த்ததில்லை. ஒரே நொடியில் உன் முற்றம் தெரிந்தது.

வாயைத் திறக்கவில்லை. முதலில் தற்செயல் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு எண்கள் அழகாக வரத் தொடங்கின. எங்கள் குழுவில் ஸ்ஃபாக்ஸைச் சேர்ந்த ஒரு பெண், "வெளியிடறதுக்கு முன்னாடி தீவுல போய் ஒரு தடவை படிச்சுக் காட்டலாமே சார், அவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கலாம்" என்றாள். நேரமில்லை என்றேன். எனக்கு நேரம் இருந்தது. அவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயமும் இருந்தது. நீ அறியாமல் தொடங்கினாய். நான் தெரிந்தே தொடங்கினேன், அக்கா.

ஆய்விதழுக்கு எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை. எங்கள் ஆய்வுக் குழுத் தலைவரிடம் பேசினேன். "இன்னொரு தடவை யோசிச்சுப் பாரு, உன் பேரு மட்டும் இல்ல, பதினோரு பேரோட பேரு அதுல இருக்கு" என்றார். எனக்கு இரண்டு வாரம் கொடு.

நீ கேட்டது இருக்கிறது. பகல் நிலையம் போன ஊரில் வீட்டுக்காரர்களுக்கு என்று பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்றை எங்கள் குழுவே எழுதியது, நம் பேச்சு மொழியிலேயே. ஏழு மாதமாக அங்கே கொடுக்கிறார்கள். தேவை இல்லை என்று தீவுக்கு மட்டும் அனுப்பவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தைப் பார்.

உன் தம்பி,
லஸ்ஹர்


ரம்லா
31 மார்ச் 2019

லஸ்ஹர்,

உன் கடிதமும் கையேடும் நேற்று, சனிக்கிழமை வந்து சேர்ந்தன. புதன்கிழமை உன் அத்தானை அடக்கம் செய்தோம்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று மப்ரூக்கிடம் நான்தான் சொன்னேன். சொல்லியிருந்தாலும் அடக்கத்துக்குள் வந்து சேர்ந்திருக்க மாட்டாய். அது ஒரு காரணம். உன் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் இல்லை என்பது இன்னொரு காரணம். நீ எழுதியதைப் படித்த பிறகு இரண்டாவது காரணம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மூன்று முறை துணி மாற்றினேன். பார்லிக் கஞ்சியை என் மேல் கொட்டினார். பொழுது சாய்ந்தது. எழுந்து நின்று விரலை உயர்த்தினார். "டீச்சர், மணி அடிச்சிருச்சு. வீட்டுக்குப் போலாமா?"

ஆறு மாதமாகத் தினமும் கேட்டதுதான். தினமும் ஒவ்வொரு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல், "போ" என்றேன்.

எனக்கு நன்றி சொன்னார். வகுப்பு முடிந்த பிள்ளை மாதிரி. செருப்பை வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடல் உள்வாங்கியிருந்த நேரம். கால் நனைய நனைய எவ்வளவு தூரமும் நடக்கலாம். துடைத்து முடித்து நான் தலை நிமிர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. அதற்குள் ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது.

மப்ரூக்கும் இன்னும் இருபது பேரும் படகில் தேடினார்கள். மறுநாள் காலை தண்ணீர் வடிந்ததும் மப்ரூக்தான் கண்டார். உன் அத்தான் ஓலை வேலியைக் கட்டிப் பிடித்தபடி இருந்தார். மப்ரூக் கரையில் என்னிடம் வந்து இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொண்டு, "டீச்சர், அவன் வழி தவறல. அவங்கப்பன் வேலியிலதான் இருந்தான். சரியா அவன் வேலியிலதான் இருந்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அது ஆறுதல் என்று அவர் நினைத்தார். ஆறுதலாகவும் இருந்தது.

நேற்று ஒன்பதாம் பக்கத்தைப் படித்தேன்.

"வீட்டுக்குப் போகணும் என்று கேட்டால் மறுக்க வேண்டாம். தனியாக அனுப்பவும் வேண்டாம். 'வாங்க போவோம்' என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். திரும்பி வந்து கதவைத் திறந்து, 'வீடு வந்திருச்சு' என்று சொல்லுங்கள்."

இவ்வளவுதான். நான்கு வரி. என் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும் நான்கு வரி. இங்கிருந்து ஃபெர்ரியில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஏழு மாதமாக இருந்திருக்கிறது. அந்த ஃபெர்ரியில்தான் அவர் முப்பத்தோரு வருடம் கயிறு கட்டினார்.

நீ கேட்ட இரண்டு வாரம் முடிந்துவிட்டது.

மன்னூபியா


லியோன்
16 ஏப்ரல் 2019

அக்கா,

எழுதுகிறேன், நிறுத்துகிறேன். அந்த என்ஜின் அறைச் சுவரின் சூடு என் முதுகில் இருந்துகொண்டே இருக்கிறது.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதிவிட்டேன். காரணத்தில் உன் பெயர் இல்லை. கடிகாரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது என்று எழுதியிருக்கிறேன். தலைவர் என்னோடு பேசுவதில்லை. பதினோரு பேரில் இரண்டு பேர் என் பக்கம். ஒருத்தி ஸ்ஃபாக்ஸ் பெண்.

அவளும் நானும் ஒரு புதிய தாள் தயாரித்திருக்கிறோம். கடிகாரம் இல்லை, கழித்தல் இல்லை. ஓதம் எப்போது ஏறும், உங்கள் வேலிக்கு அடுத்த வேலி யாருடையது, பெருநாளுக்கு என்ன சமைப்பீர்கள் என்று கேட்கிறோம். கூட இருப்பவரின் பதிலுக்குத்தான் பாதி இடம். முதல் பிரதியை உங்கள் ஊரில் படித்துக் காட்டாமல் எங்கும் அனுப்பப் போவதில்லை. ஜூனில் வருகிறேன். முற்றத்தைத் திறந்து வைப்பாயா? என் முகத்தைப் பார்க்க மனமில்லை என்றால் மப்ரூக் வீட்டில் தங்கிக்கொள்கிறேன்.

லஸ்ஹர்


ரம்லா
9 ஜூலை 2019

அன்புள்ள தம்பி,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இருமலுக்கு நான் கொடுத்ததைக் குடித்தாயா?

நீ போன பிறகும் ஊரில் அந்தப் பேச்சுதான். பள்ளிக்கூட முற்றத்தில் நின்று, "நாங்க எழுதினது தப்பு, தப்புன்னு எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு" என்று நீ சொன்னதும் ஹஃப்ஸியாதான் எழுந்தாள். "டாக்டர் தம்பி, அப்ப நாங்க எல்லாரும் பாஸாகலையா?" எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். பிறகு அவள், "அப்ப எங்க மப்ரூக்கையும் ஒருக்கா பாத்துருங்க" என்று மெதுவாகச் சொன்னாள். மப்ரூக் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மீனையே ஷெத்லியிடம் வாங்கிக்கொண்டு போன மனிதர். ஏன் அன்று அவருக்கு அவ்வளவு சீக்கிரம் புரிந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் எழுந்தேன். முற்றத்தில் நடத்திய வகுப்பைப் பற்றியும், "இல்லை" என்று எழுதியதைப் பற்றியும் அவர்கள் முன்னால் சொன்னேன். உன் முன்னால் சொன்னதைவிட அது கடினமாக இருந்தது.

உடைந்த நாற்காலிகளை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டோம். கரை நிலையத்திலிருந்து ஒரு செவிலி புதன்கிழமைகளில் ஃபெர்ரியில் வருகிறாள். கையேட்டை நான் உரக்கப் படித்துக்காட்டுகிறேன். ஒன்பதாம் பக்கம் வந்ததும் ஹஃப்ஸியாவிடம் கொடுத்துவிடுகிறேன். படிக்கத் தெரியாவிட்டாலும் அவளுக்கு மனப்பாடம். மாலையில் மப்ரூக்கும் அவளும் தெருவைச் சுற்றி வருவது என் ஜன்னலில் தெரிகிறது.

நீ இங்கே இருந்தபோது புதிய தாளை என் முன்னால் வைத்தாய். நான் தொடவில்லை. நீயும் வற்புறுத்தவில்லை. இப்போது நிரப்பி இத்துடன் அனுப்புகிறேன். செத்துப்போனவருடைய தாளை எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்று உன் விதிகளில் பார். சேர்க்கக் கூடாது என்றிருந்தால் விதியை மாற்று.

பெயர்: ஷெத்லி.

படிப்பு: இல்லை. பிறகு மூன்று நாள், என்னிடம்.

மாற்றத்தை முதலில் எப்போது கவனித்தீர்கள்: 2016 டிசம்பர். வேலிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, "அடுத்த முடிச்சு எப்பிடிடி?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும் என்று சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

தெரிந்த இடத்தில் வழி தவறினாரா: ஒருமுறை. கடைசி முறை தவறவில்லை.

உங்களை அடையாளம் தெரிகிறதா: தெரிந்தது. டீச்சர் என்று.

கடைசியில் மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நான் தொடவில்லை.

கூட இருப்பவர் கையெழுத்து:
மன்னூபியா